திருச்சிராப்பள்ளியில் உலாவிடங்கள்

திருச்சிராப்பள்ளி என்றால் மலைக்கோட்டையும், திருவரங்கம் என்றால் அரங்கநாதர் கோபுரமும் உடனே நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு அறிஞர் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு பெரிதன்று. இவ்விரண்டு ஊர் மக்களும் காலையிலும் மாலையிலும் காலார நடப்பதற்கும் காற்று வாங்குவதற்கும் எங்கே போனார்கள், இப்போது எங்கே போகிறார்கள் என்பதைக் குறித்துச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். வேலையற்றவன் பேச்சு என்று சிலர் நகைக்கக்கூடும். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூட மணிக்கு அஞ்சி நடந்தவன் நான். மணியின்றி நடக்கக் கற்றது ஓய்வு பெற்ற பிறகுதான். ஆகவே இது எனக்குப் புதிதாகக் கிடைத்த வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாம் வகுப்புக்குச் சரித்திரம் நடத்திய காலத்தில் ஆண்டுதோறும் ஒரு நாள் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவது வழக்கம். முதன்மைக் காவல் வாயில் என்று பொருள்படும் மெயின்கார்டு கேட்டில் தொடங்குவோம். அங்கிருந்து மேலப்புலிவார்டு சாலை வழியாகத் தெற்கே நடந்து, பாலக்கரைப் பக்கம் திரும்பி, காந்தி சந்தையைத் தொட்டு, கீழப்புலிவார்டு சாலையில் வடக்கே ஏறுவோம். ஒரு முறை, வரிசையின் கடைசியில் வந்த சிறுவன் ஒருவன், “சார், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். புலி எங்கே சார்?” என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்க்கும்போது, அவன் கேட்டது சரியான கேள்வி என்றே பட்டது. பெயரின் பொருளைச் சொல்லாமல் பெயரை மட்டும் நான் சொல்லியிருந்தேன்.

புலிவார்டு என்பது ‘பூல்வார்’ என்னும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தின் வழியாக நம் நாவில் புகுந்து உருமாறியது. இன்று அச்சொல்லுக்கு இருமருங்கும் மரம் வைத்த அகன்ற சாலை என்று பொருள் கொள்கிறார்கள். அதன் பழைய பொருள் அதுவன்று. டச்சு மக்கள் கோட்டை அரணைக் குறிக்க வழங்கிய ‘போல்வெர்க்’ என்னும் சொல்லே அதற்குத் தாய். பாரிஸ் நகரத்தைச் சுற்றியிருந்த பழைய மதிலை 1670ஆம் ஆண்டை ஒட்டிப் பதினான்காம் லூயி மன்னன் இடிக்கச் செய்து, அந்த இடத்தில் மரங்களை நட்டு மக்கள் உலாவும் வழியாக்கினான். மதில் போயிற்று, மதிலின் பெயர் மட்டும் மரநிழலில் தங்கிவிட்டது. 1857இல் வியன்னா நகரத்து மதிலுக்கும் அதே கதி நேர்ந்தது. அங்கே எழுந்த வட்டச் சாலை இன்றும் உலகப் புகழ் பெற்றது.

நம் ஊரிலும் நடந்தது அதுவே. நாயக்க மன்னர் காலத்தில் மலையைச் சுற்றி எழுந்த கோட்டையைப் பற்றிப் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய ஓர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர், அதற்கு இரண்டு மதில்கள் உண்டு என்றும், வெளிமதில் 18 அடி உயரம், உள்மதில் 30 அடி உயரம் என்றும், அவற்றுக்கு வெளியே சுமார் 30 அடி அகலமுள்ள அகழி ஓடிற்று என்றும் குறித்து வைத்திருக்கிறார். 1751ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இந்த மதில்களுக்காகவே தென்னாட்டின் தலைவிதி ஊசலாடிற்று. உள்ளே முகம்மது அலியும் ஆங்கிலேயரும் இருந்தனர். வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் சூழ்ந்து நின்றனர். 1752இல் பிரெஞ்சுப் படை ஆற்றைக் கடந்து திருவரங்கத்துக்குப் பின்வாங்கி, கோயில் மதில்களுக்குள்ளே ஒடுங்கி, கடைசியில் சரணடைந்தது. சந்தா சாகிபு உயிரிழந்தான். ஊர் மக்கள் அந்நாட்களில் காற்று வாங்க எங்கே போனார்கள் என்று எந்தச் சரித்திரக்காரரும் எழுதவில்லை. எங்கும் போயிருக்க முடியாது. முற்றுகைக் காலத்தில் கோட்டைக்கு வெளியே ஒருவன் உலாவினால் அவன் ஒற்றன் என்றுதான் கருதப்படுவான்.

போர்கள் ஓய்ந்த பின்னர் மதிலுக்கு வேலையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை இடித்துத் தள்ளினார்கள். அகழி தூர்க்கப்பட்டது. தூர்த்த இடத்தில் மரம் வைத்துச் சாலையாக்கினார்கள். 1911இல் வெளிவந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம்கூட, திருச்சிராப்பள்ளியின் அகழி இப்போது மரங்கள் நட்ட உலாச் சாலையாக இருக்கிறது என்று தனியே எடுத்துச் சொல்கிறது. உலகத்தைப் பற்றி எழுதிய ஒரு நூலில் நம் ஊருக்குக் கிடைத்த சில வரிகளில் ஒன்று, மக்கள் நடக்கும் சாலையைப் பற்றியதாக இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மதில்களில் மிஞ்சியது மெயின்கார்டு கேட் ஒன்றுதான். இதையெல்லாம் அடுத்த ஆண்டு பிள்ளைகளுக்குச் சொன்னேன். பாரிஸில் பூல்வார், வியன்னாவில் வட்டச் சாலை, திருச்சிராப்பள்ளியில் புலிவார்டு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அந்த ஆண்டு யாரும் புலியைத் தேடவில்லை.

1866இல் திருச்சிராப்பள்ளிக்கு நகரசபை ஏற்பட்டது. சென்னையில் மக்கள் பூங்கா என்ற பெயரில் ஒரு பெருந்தோட்டம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அமைந்திருந்தது. இங்கிலாந்தில் நகர மக்களின் வரிப்பணத்தைக்கொண்டு, அவர்களுக்கென்றே முதல் பூங்காவைத் திறந்தது 1847இல் பர்க்கன்ஹெட் என்னும் சிறு நகரம். அரசரின் தோட்டத்தை மக்களுக்குத் திறந்துவிடுவது வேறு, மக்களே தமக்கு ஒரு தோட்டம் செய்துகொள்வது வேறு. இந்த இரண்டாவது எண்ணம் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் எங்கும் வேர் பிடித்தது. நம் அகழிச் சாலையும் அக்காலத்துப் பயிரே. மேலப்புலிவார்டில் இன்றும் உள்ள இப்ராகிம் பூங்காவில், கடைத்தெரு இரைச்சலுக்கு நடுவே, நான்கு முதியவர்கள் ஒரு பலகையில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பங்கிட்டுப் படிப்பதைக் காணும்போது, பழைய அகழி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

கொஞ்சம்தான் மிச்சம். புலிவார்டில் இன்று யாரும் உலாவ முடியாது. லாரியும் ஆட்டோவும் தள்ளுவண்டியும் அதை எடுத்துக்கொண்டன. மர நிழலுக்குப் பதில் கடைகளின் தகரக் கூரை நிழல்தான் உண்டு. இது அகழி இருந்த இடம் என்று சிறு கல் ஒன்றாவது நடவேண்டும் எனக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது, வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாகத் தகவல் வந்தது. மூன்றாவதை எழுதும்போதே எனக்கு விளைவு தெரிந்திருந்தது. எனினும் எழுதுவது ஆசிரியனின் பழக்கம்.

கோட்டைக்குத் தெற்கேயும் மேற்கேயும் ஆங்கிலப் படை தங்கியிருந்த கண்டோன்மெண்ட் பகுதிக்கு வேறு வரலாறு. அங்கே சாலைகள் நேராக இருக்கும், வீடுகள் தோட்டத்துக்கு நடுவே இருக்கும். ரேஸ்கோர்ஸ் சாலை என்ற பெயரிலேயே, அங்கே ஒரு காலத்தில் ஓடியவை குதிரைகள் என்பது விளங்கும். இப்போது அங்கே நீரிழிவுக்காரரும் இரத்த அழுத்தக்காரரும் ஓடுகிறார்கள். அண்ணா விளையாட்டரங்கும் அப்பக்கமே இருப்பதால் விடியலில் அந்தச் சாலை கல்யாண வீடு போலக் காணும். தூய யோவான் ஆலயத்தில்தான் பிஷப் ஹீபர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கவிஞரும் கல்கத்தாவின் பேராயருமான அவர் 1826 ஏப்ரல் 3ஆம் நாள், இவ்வூர் வெயிலில் காலைக் கடமைகளை முடித்துவிட்டுக் குளிர்ச்சி தேடி ஒரு குளியல் தடாகத்தில் இறங்கி, அங்கேயே உயிர் நீத்தார். சித்திரை பிறக்கும் முன்பே எங்கள் ஊர் எப்படிக் காயும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இவ்வூரில் நிழலும் நீர்க்கரையும் வெறும் ஆடம்பரமல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

பொன்மலைக்குத் தனிப் பேச்சே வேண்டும். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய இரயில்வேயின் தொழிற்சாலையை இங்கே மாற்றி 1928இல் திறந்தபோது, தொழிலாளர்க்கென்று ஒரு புதிய ஊரையே வரைந்து கட்டினார்கள். அகன்ற தெருவும், வீட்டுக்கு முன்னே மரமும், நடுவில் மைதானமுமாக அவ்வூர் அமைந்தது. ஜி கார்னர் மைதானத்தில் பந்து விளையாடாத திருச்சிப் பையன் அரிது. அதே பொன்மலையில் 1946 செப்டம்பர் 5ஆம் நாள் வேலை நிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டார்கள். மரம் வைத்த ஊரில் எல்லாம் நிழலாகவே இருந்துவிடவில்லை.

இனி ஆற்றுக்கு வருவோம். காவிரியை விட்டு இவ்வூர்களின் உலாவைப் பற்றிப் பேசினால் அது உப்பில்லாப் பண்டம்.

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கும் தீவு. அங்கே பிறந்தவனுக்கு உலாவிடம் என்று தனியாக ஒன்றைத் தேட வேண்டிய தேவை முன்பு இருந்ததில்லை. கோயிலும் மதிலும் வீதியுமாக 156 ஏக்கர் பரப்பு. தேர் ஓடுவதற்கென்றே அகலமாக விட்ட சித்திரை வீதி, உத்தர வீதி. அதிகாலையில் கோலம் போடும் கைகளுக்கு இடையே ஒரு சுற்று வந்தால் உடலுக்கும் நடை, உள்ளத்துக்கும் வலம். தோட்டமும் அவ்வூருக்குப் புதிதன்று. தொண்டரடிப்பொடியாழ்வார் அங்கே நந்தவனம் அமைத்துப் பூத்தொண்டு செய்தவர். திருமங்கையாழ்வார் கோயில் மதிலைக் கட்டிக்கொண்டு வரும்போது, அந்த நந்தவனத்துக்கு ஊறு வராதபடி மதிலை விலக்கிக் கட்டினார் என்பது வைணவர் வழங்கும் மரபு. கோயிலுக்குத் தோட்டமும் தோப்பும் விட்ட செய்தி அங்குள்ள கல்வெட்டுகளிலும் நிறைய உண்டு. மதிலை இடித்து உலாவிடம் செய்த பாரிஸ் மன்னன் கதையைச் சொன்னேன். பூஞ்செடிக்காக மதிலையே வளைத்த கதை நம் ஆற்றின் அக்கரையிலேயே இருக்கிறது. எது பெரிது என்று பிள்ளைகள் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. அவர்களுக்குள் விவாதம் நடத்த விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் இளமையில் கோடை மாலை என்றால் ஆற்று மணல். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஜூன் மாதம் 12ஆம் நாளை ஒட்டி அணை திறப்பது வழக்கமாயிற்று. அதற்கு முன் சில மாதங்கள் காவிரியில் வெறும் மணல்வெளிதான். அம்மா மண்டபத்துப் படித்துறையில் இறங்கினால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பகலெல்லாம் சுட்ட மணல் அந்தி சாய்ந்ததும் குளிரத் தொடங்கும். ஊற்றுத் தோண்டினால் முழங்கை ஆழத்தில் தண்ணீர் கசியும். பெரியவர்கள் அரசியலும் கச்சேரியும் பேசிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்குக் கபடி. மதில் இல்லை, வாயில் இல்லை, மூடும் நேரம் இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை. இவ்வளவு பெரிய பூங்கா எந்த நகரசபைக்கும் வாய்க்காது. அந்த மணலைப் பின்னர் லாரி லாரியாக அள்ளினார்கள். ஆற்றுப் படுகை தாழ்ந்தது. மணல் இருந்த இடங்களில் நாணலும் கருவேலும் மேலேறின. இன்று அம்மா மண்டபத்துக்கு எதிரே ஒரு பிள்ளையைக் கபடி விளையாட அழைத்துச் செல்ல முதலில் இடம் தேட வேண்டும்.

காவிரியின் வாய்க்கால்களுள் ஊருக்குள்ளே ஓடுவது உய்யக்கொண்டான். முதலாம் இராசராசன் காலத்தது, அவன் பெயர்களுள் ஒன்றைத் தாங்கியது. மேற்கே பேட்டைவாய்த்தலையில் ஆற்றை விட்டுப் பிரிந்து, உய்யக்கொண்டான் திருமலையின் அடியைத் தொட்டு, புத்தூர் வழியே நகரத்தின் நடுவில் வளைந்து, கிழக்கே வாழவந்தான்கோட்டை ஏரிவரை சுமார் 70 கிலோமீட்டர் செல்கிறது. முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக ஒரு மன்னனின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடும் நீருக்கு நாம் செய்த கைம்மாறு, ஊர்ச் சாக்கடையை அதில் திருப்பிவிட்டதுதான். அண்மைக் காலத்தில் நகரத்தினுள் சில இடங்களில் கரையைச் செப்பனிட்டு, நடைபாதையும் விளக்கும் அமைத்திருக்கிறார்கள். நான் நடந்து பார்த்தேன். தண்ணீர் நிறைந்து வரும் மாதங்களில் நல்ல வழி, மீன்கொத்திகூட வருகிறது. தண்ணீர் நின்றுவிட்ட மாதங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டும். எனினும் இதை நான் குறை சொல்லப் போவதில்லை. நடப்பவர் கூட்டம் ஒரு கரைக்கு வந்துவிட்டால், அந்தக் கரையின் நாற்றத்தைப் பற்றிக் கேட்கவும் ஆள் வந்துவிடும்.

ஊருக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு இருக்கிறது. காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, வாட்டமும் மிகுதி. ஆகவே நாளடைவில் ஆற்று நீர் கொள்ளிடத்துக்கே ஓடிற்று. தஞ்சை வயல்களுக்குப் போகும் காவிரி மணலேறி மெலிந்தது. இதைத் தடுக்க ஆர்தர் காட்டன் என்னும் இளம் பொறியாளர் 1836இல் தொடங்கிக் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று. கிழக்கே கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையை உற்று நோக்கிப் பயின்றே அவர் தம் தொழிலைக் கற்றார் என்பதை அவரே மறைத்ததில்லை. அணை கட்டிய இடத்தில் நீரும் நிழலும் சேர்ந்தன. சேர்ந்த இடத்துக்கு மக்கள் வந்தார்கள். பிறகு பூங்கா வந்தது. ஆடிப்பெருக்கிலும் காணும் பொங்கலிலும் கட்டுச்சோற்று மூட்டையோடு முக்கொம்புக்குப் போகாத குடும்பம் எங்கள் பக்கத்தில் இல்லை. புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் அந்த மரத்தடியில் தின்றால்தான் ருசிக்கும் என்பது என் துணைவியாரின் முடிந்த முடிபு. அதை நான் மறுத்துப் பேசியதில்லை.

பாலங்களும் எங்களுக்கு உலாவிடங்களே. இது வெளியூரார்க்கு வியப்பாக இருக்கலாம். 1976இல் கட்டிய காவிரிப் பாலத்தில் மாலை நேரத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து கைப்பிடிச் சுவரோரம் நிற்பார்கள். கடலை விற்பவரும் சுண்டல் விற்பவரும் தொடர்ந்து வருவார்கள். ஆற்றின் மேல் வீசும் காற்றுக்காகப் பெட்ரோல் புகையைப் பொறுத்துக்கொள்வார்கள். பழுது பார்ப்பதற்காக 2022இல் அந்தப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தி, 2023 மார்ச் மாதம் மீண்டும் திறந்தார்கள். திறந்த அன்று மாலையே சுண்டல்காரர் வந்துவிட்டார்.

கொள்ளிடத்துப் பழைய பாலம்தான் என் நெஞ்சில் நிற்பது. 1924இல் காவிரியில் வந்த பெருவெள்ளத்தை எங்கள் பாட்டனார் தலைமுறை ஓர் ஆண்டுக் கணக்காகவே வைத்திருந்தது. பிறந்த நாளைக்கூட வெள்ளத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பின் என்று சொல்வார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1928இல், திருவானைக்காவையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைக்க அந்தப் பாலம் கட்டப்பட்டது. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் சென்னைக்குச் செல்லும் பேருந்துகளெல்லாம் அதன்மேல் சென்றன. 2016இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். பழைய பாலத்துக்கு ஓய்வு கிடைத்தது. எனக்கு ஓய்வு கிடைத்ததும் ஏறக்குறைய அப்போதுதான்.

என் பழைய நண்பர் ஒருவர் திருவரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருக்கிறார். கணக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். என்னை இன்றுவரை ‘வாத்தியாரே’ என்றுதான் அழைப்பார். நீரிழிவு நோய் கண்டு, நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் நடக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. வண்டி ஓடும் சாலையில் நடக்க அவர் வீட்டார் விடுவதில்லை. பழைய பாலமோ மேடுபள்ளம் இல்லாத நேர்வழி. கொள்ளிடத்தின் அகலம் முழுவதும் போய்த் திரும்பினால் ஒரு நல்ல நடை. பேருந்து கிடையாது. வலப்புறம் சூரியன் எழும், கீழே நாணலில் நீர்க்காகம் எழும். விடியலில் நாங்கள் இருவரும் அங்கே நடந்தோம். போகும்போது அவர் என்னிடம் ஏதாவது ஒரு சரித்திரச் செய்தி கேட்பார். திரும்பும்போது அதில் பிழை கண்டுபிடிப்பார். ஒரு முறை பாலத்தின் தூண்களை எண்ண வேண்டும் என்று பந்தயம் வைத்துக்கொண்டோம். இருவர் கணக்கும் வேறாயின. கணக்கர் கணக்குத்தான் சரியென்று நான் விட்டுக்கொடுத்தேன்.

2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. கொள்ளிடத்தில் பல ஆண்டுகள் காணாத வெள்ளம். பழைய பாலத்தின் தூண்கள் நிலத்தில் அமிழ்ந்து, பாலம் உடைந்து சரிந்தது. அதற்குச் சில நாட்களுக்குள், ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு, முக்கொம்பில் காட்டன் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஒரே மாதத்தில், ஒரே ஆற்றில், எங்கள் தலைமுறை நடந்து பழகிய இரண்டு இடங்கள் போயின. மேலணைக்கு உடனே ஆட்கள் வந்தார்கள். அது வயலுக்கு உயிர்நாடி அல்லவா? பாறையும் மணல் மூட்டையும் போட்டு அடைத்தார்கள், பின்னர் சற்றுக் கீழே புதிய கதவணையே கட்டினார்கள். அது முறைதான். பழைய பாலத்துக்கு யார் வருவார்? வண்டிக்குப் புதுப் பாலம் இருக்கிறது, நடப்பவனுக்கு ஒரு பாலமா என்பார்கள். உடைந்த மிச்சத்தையும் பிறகு இடித்து எடுத்துவிட்டார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. உடைந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் அந்தப் பாலத்தில் நாள்தோறும் நடந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் இப்போது எங்கே நடக்கிறார்கள் என்று ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. தூண்களையாவது நாங்கள் எண்ணினோம்.

நண்பர் சில மாதங்கள் உத்தர வீதியில் நடந்து பார்த்தார். ஆட்டோ ஒன்று அவர் தோளை உரசிச் சென்ற பிறகு அதுவும் நின்றது. திண்ணையில் உட்காரத் தொடங்கினார். உட்கார்ந்தவர்க்கு நோய் எழுந்து நிற்கும் என்பது மருத்துவம் படிக்காதவர்க்கும் தெரியும். அடுத்த ஆண்டுக்குள் ஊன்றுகோல் வந்துவிட்டது.

புதிய பூங்காக்கள் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்திருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. திருவரங்கத்துக்கு மேற்கே மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள காப்புக்காட்டில், 25 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015இல் திறக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகளை அங்கே கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். நட்சத்திர வனம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மரம். என் பேரப்பிள்ளைகள் தத்தம் மரத்தைக் கண்டுபிடித்து அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கம்பரசம்பேட்டையில் 2025இல் பறவைப் பூங்கா ஒன்றும் திறந்திருக்கிறார்கள். குறிஞ்சி, முல்லை என்று ஐந்திணைகளையும் அங்கே அமைத்துக் காட்டியிருப்பது, தமிழாசிரியர்க்கு மிக வசதி. நீண்ட நடை வேண்டுவோர் பச்சைமலைக்கும், கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கும் போகலாம். வண்டி வைத்துக்கொண்டு ஒரு நாள் போய்வர நல்ல இடங்கள். ஆனால் இவையெல்லாம் விருந்து. தினச் சோறு வேறு. வாயிலில் சீட்டு வாங்கி ஆண்டுக்கு இரு முறை போகும் இடத்தை நான் இகழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து நேரே நடந்து சேரும் இடமே உலாவிடம் என்பது என் கருத்து. அகழிச் சாலையும் மணலும் வாய்க்கால் கரையும் பாலமும் அவ்வகை.

இராணி மங்கம்மாள் இதை அறிந்திருந்தாள் என்று நினைக்கிறேன். 1689 முதல் 1706 வரை நாட்டைத் தன் பேரனுக்காக ஆண்டவள் அவள். அவள் தர்பார் மண்டபம் மலைக்கோட்டை அடியில் இன்று அரசு அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆனால் தென்பாண்டி நாட்டுச் சிற்றூரில் போய் மங்கம்மாள் பெயரைச் சொன்னால் மண்டபத்தை யாரும் காட்டமாட்டார்கள். இது மங்கம்மாள் சாலை என்று ஒரு சாலையைக் காட்டுவார்கள். நடந்து போகிறவனுக்கு வழியும், வழிக்கு நிழலும், இரவு தங்கச் சத்திரமும் அமைத்தவள் என்பதே அவளுக்கு நின்ற பெயர்.

திருவரங்கத்துக்கு 1994 வரை தனி நகரசபை இருந்தது. அவ்வாண்டு பொன்மலையும் அதுவும் சேர்ந்து திருச்சிராப்பள்ளி மாநகராட்சி ஆயிற்று. ஆனால் இவ்விரு ஊர்களையும் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே ஒரு நடை இணைத்துவிட்டது. பங்குனித் திருவிழாவின் ஆறாம் நாள், ஆயில்யத்தன்று, நம்பெருமாள் பல்லக்கில் எழுந்தருளி, காவிரியைக் கடந்து, உறையூரில் கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி சேவை சாதிப்பார். விடிவதற்கு முன்பே புறப்பாடு. ஆற்றில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் மணலிலேயே போவார்கள். தீவட்டி முன்னே, குடை மேலே, பாதம் தாங்குவோர் தோள் மாற்றிக்கொள்ளும் ஒலி, பின்னே ஊர். அந்த ஒரு நாள் மட்டும் ஆற்றின் குறுக்கே ஒரு சாலை உண்டாகிவிடும்.

சென்ற பங்குனியில் நண்பர், தாமும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். வீட்டார் வேண்டாம் என்றார்கள். “வாத்தியார் கையைப் பிடித்துக்கொள்வார்” என்று அவர்களைச் சமாதானம் செய்துவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அம்மா மண்டபத்துப் படியில் இறங்கினார். மணலில் ஊன்றுகோல் புதைந்தது. அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பல்லக்கு எங்களைத் தாண்டிப் போய்விட்டது. நடு ஆறு வரை போனோம். அங்கே நின்று, “கொள்ளிடப் பாலம் இருந்தால் இந்நேரம் திரும்பியிருப்போம், வாத்தியாரே” என்றார். பிறகு குனிந்து கொஞ்சம் மணலை அள்ளிப் பார்த்தார். அதிக மணல் இல்லை, அடியில் களிமண் தட்டுப்பட்டது. உறையூர்க் கரை இன்னும் பாதி தூரம் இருந்தது. வெயில் ஏறிவிடுமுன் வீடு சேரவேண்டும் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அக்கரை சேர்ந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீர்மோர் குடித்துவிட்டு, திரும்பும்போது மட்டும் ஆட்டோவில் வந்தோம்.